அக்டோபரில் ஒரு மணி நேரம்

மொண்டேவீடியோவில் ஜூலை மழை
பக்கவாட்டில்தான் பெய்யும்.
ஜன்னல் இடுக்கில் பழைய செய்தித்தாளைத் திணித்துவிட்டு
மறுபடி ஓட்டினேன்.
நானூற்றுப் பதினொன்று பச்சை.
ஒன்று சிவப்பு.

எதிர்பார்த்தது: 4
கிடைத்தது: 3

என் கணினியில் இதே சோதனை
பச்சையாகச் சிரிக்கிறது.
மாடிப்படிக்கு அடியில்
தூசியை இழுத்து மூச்சுவிடும் பில்ட் சர்வரில் மட்டும்
வீம்பு.

சோதனை அனிபால் புதிதாக எழுதியது.
துராஸ்னோவில் ஒரு பண்ணை, அக்டோபர் மாதம்.
சனி இரவு பதினொன்றுக்குப் பால் லாரி கிளம்புகிறது.
ஞாயிறு விடியுமுன், மூன்று மணிக்கு,
ஆலையின் எடைமேடையில் ஏறுகிறது.
விரல் மடக்கினால் நான்கு.
ஏன் அந்தத் தேதி என்று கேட்டேன்.
"மகளின் பிறந்தநாள். வேறொன்றுமில்லை."

வியாழனன்று நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன்:
அதன் தலையில் 'தவிர்க்க' என்று எழுதிவிட்டு
வீட்டுக்குப் போனேன்.
பேருந்தில் நன்றாகத் தூங்கினேன்.

திங்கள் காலை, மாத்தே குவளையை என் பக்கம் நீட்டியபடி
அனிபால் திரையைத் தட்டினான்.
"நேரேயா, ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள்."

சார்புகளின் மரத்தை விரித்தோம்.
வேர் மேலே, கிளைகள் கீழே,
திரை கொள்ளாமல் இறங்கியது.
நாங்கள் கேட்டது ரசீது அச்சிடும் நூலகம் ஒன்றை.
அது ஒரு எழுத்துருவைக் கூட்டி வந்தது.
எழுத்துரு எதற்கோ ஒரு நாட்காட்டியை.
நாட்காட்டி, ஆறாம் படியில்,
இரண்டாயிரத்துப் பதின்மூன்றின் கடிகார விதிகளை.

பந்திக்கு அழைத்தது ஒருவரை;
வந்தவரோ தெருவையே கூட்டி வந்துவிட்டார்.
முந்தி உட்கார்ந்தவருக்கே இலை.
நாங்கள் வைத்திருந்த புதிய பதிப்பு
கை கழுவிவிட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தது.
என் கணினி கோப்புகளை அடுக்கும் வரிசை வேறு.
அங்கே இலை மாறி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.
அதைத்தான் இத்தனை நாள்
சரி என்று எண்ணியிருந்தேன்.

பழைய விதிகளின்படி
அக்டோபர் முதல் ஞாயிறு, இரவு இரண்டு மணிக்கு
இந்த நாடு முள்ளை முன்னே தள்ளும்.
நாடு அதைக் கைவிட்டு ஆண்டுகள் பல.
அரசாணை வந்தது, சுவர்க் கடிகாரங்கள் கேட்டுக்கொண்டன,
ஆறாம் படிக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை.

'விலக்கு' என்று எழுதினேன்.
ஒரு சிவப்பு பதினேழானது.
ரசீதுகள் எல்லாம் ஒரே குரலில்
அந்த வகுப்பைக் காணோம் என்று கூச்சலிட்டன.
விலக்கியதைத் திரும்ப அழைத்தேன்.
யார் யாரைக் கூட்டி வந்தாலும்
பதிப்பு இதுதான் என்று
உச்சியில் ஒரே வரியில் பூட்டினேன்.
மூடாத அடைப்புக்குறி ஒன்று. மறுபடி.
சர்வர் பதுக்கி வைத்திருந்த பழசைத் துடைத்து, மறுபடி.
மாத்தே ஆறிப்போயிருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் பச்சை.

அனிபால் கை தட்டினான்.
நான் மாடிப்படிக்கு அடியில் இருப்பதை நினைத்துக்கொண்டிருந்தேன்.
ஆலையில் ஓடும் நிரலும்
அங்கிருந்துதானே போகிறது?

பழைய புகார்களில் தேடினேன்.
'வில்மார் ஒலிவேரா, லாரி ஓட்டுநர்.
அக்டோபர் இரவுப்படியில் ஒரு மணி நேரம் குறைகிறது.'
கீழே பதில்:
'எங்கள் கணினியில் சரியாகவே வருகிறது. மூடப்பட்டது.'
பதிலுக்கு அடியில் என் பெயர்.

மூன்று அக்டோபர். அந்தச் சனிக்கிழமைகளில்
சாலையில் இருந்த இருபத்தாறு பேர்.
சம்பளப் பிரிவுக்கு எழுத உட்கார்ந்தேன்.
'சார்புச் சிக்கல் காரணமாக' என்று தொடங்கி
அழித்தேன்.
அவருடைய எண் புகாரிலேயே இருந்தது.

நாலாவது மணியில் எடுத்தார்.
இரைச்சல், மழை, கியர் மாறும் ஓசை.
"யாரு? சத்தமாச் சொல்லுங்க,
வண்டியில இருக்கேன்."